பாலாற்று மணலில் ஒத்திகை, பழவேற்காடு ஏரியில் இரண்டு இரவு

முந்தைய ஞாயிறு: வேலூர், பாலாறு

வேலூரைக் கேலி பேசும் பட்டியலில் 'நீரில்லா ஆறு' எப்போதும் முன்வரிசையில் இருக்கும். கூடாரம் கட்டிப் பழகுகிறவர்களுக்கு அந்தக் கேலி ஒரு வசதி. தீவு மணலில் தங்கப் போகிறவர்கள் ஒத்திகை பார்க்க வட ஆர்க்காட்டில் இதைவிட நல்ல இடம் கிடையாது. 2021 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளம் எப்போதாவது வந்து போகும். மற்ற நாட்களில் காய்ந்த, உதிரி மணல்தான். மணல் எஞ்சியிருக்கும் இடமாகப் பார்த்துப் போக வேண்டும் என்பது மட்டும் இன்றைய நிலவரம்.

போகவிருப்பது இருக்கம் தீவு. பழவேற்காடு ஏரிக்குள், ஆந்திராவின் தடா மண்டலத்தில் இருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை மட்டும் தமிழ்நாட்டில். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். தீவில் மீன்பிடித்து வாழும் மக்கள் இருக்கிறார்கள், பேச்சு பெரும்பாலும் தமிழ். ஊர் இருந்தும் விடுதியோ ஓட்டலோ இருக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது. நான்கு பேர், இரண்டு இரவு, தேவையானது எல்லாமே இங்கிருந்து போக வேண்டும்.

ஜவ்வாது மலை, ஏலகிரி என்று செம்மண்ணில் கூடாரம் போட்டுப் பழகியவர்கள் முதலில் தோற்பது ஆணியில். கூடாரத்தோடு பையில் வரும் மெல்லிய கம்பி ஆணி கெட்டி மண்ணில் நிற்கும். மணலில் ஒற்றை விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும். ஆணியைப் பிடித்து நிறுத்துவது சுற்றியுள்ள மண்ணின் இறுக்கம். உதிரி மணலில் அது கிடையாது. நீளமான ஆணி வாங்குவதும் அரைத் தீர்வுதான். சரியான வழி, ஆணியே இல்லாமல் சாக்கைப் புதைப்பது.

வேலூர் லாங் பஜாரில் ஐந்து கிலோ அரிசி கொள்ளும் சிறு பிளாஸ்டிக் சாக்குகள் பத்து வாங்கினால் போதும். கூடாரத்தின் நான்கு மூலைக்கு நான்கு, மேல்துணியின் இழுகயிறுகளுக்கு நான்கு, கிழிந்தால் மாற்ற இரண்டு. முக்கால் பங்கு மணல் நிரப்பி, வாயைக் கட்டி, சாக்கின் நடுஇடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சிட வேண்டும். வாயில் கட்டினால் இழுப்பு ஒரு முனையில் விழுந்து, சாக்கு நிமிர்ந்து மேலே வந்துவிடும். கூடாரத்திலிருந்து மூன்றடி தள்ளி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, கயிற்றுக்குக் குறுக்காகச் சாக்கைப் படுக்க வைக்கிறோம். கயிறு வெளியே வரும் பக்கம் ஒரு சாய்வு வாய்க்கால் கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு குழியின் விளிம்பில் மடங்கி மேல்நோக்கி இழுக்கும், மணலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொள்ளும். மூடியபின் காலால் மிதித்து இறுக்கினால், ஓர் ஆள் இரு கையாலும் இழுத்தாலும் அசையாது. எட்டுச் சாக்கும் புதைக்க முதல்முறை ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்தக் கணக்குத் தெரியாமல் மாலை ஐந்து மணிக்குத் தீவில் இறங்கினால் இருட்டில் குழி தோண்ட வேண்டியிருக்கும்.

கயிறு நைலானாக இருந்தால் பனியில் நனைந்து தொய்யும். பாலியெஸ்டர் கயிறு அவ்வளவு தொய்யாது. இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால் தயங்க ஒன்றுமில்லை.

புதன்: மூட்டை கட்டும் நாள்

தண்ணீர்க் கணக்குதான் முதலில். குடிக்க ஓர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், சமையலுக்கு ஒன்றரை, வாய் கொப்பளிக்க, கை அலச அரை லிட்டர், ஆக 6. நான்கு பேருக்கு இரண்டு முழு நாளுக்கு 48 லிட்டர். மறுநாள் படகு வராமல் போகலாம் என்பதற்கு 12 லிட்டர் கூடுதல். மொத்தம் 60.

கடையில் கிடைக்கும் 20 லிட்டர் கேன் மூன்று என்றால் கணக்குச் சரிதான், ஆனால் அது இந்த வேலைக்கு ஆகாது. அமுக்கி மூடும் மூடி படகு ஆட்டத்தில் கசியும். கழுத்தைப் பிடித்து முழங்கால் சேற்றில் 20 கிலோவைத் தூக்கி நடப்பதும் நடக்காத காரியம். திருகுமூடியும் கைப்பிடியும் உள்ள 10 லிட்டர் கேன் ஆறு எடுக்க வேண்டும். ஒரு கையில் ஒன்று என்று எடை சமமாகும், ஒன்று ஓட்டையானாலும் மற்ற ஐந்து மிஞ்சும். சூளூர்ப்பேட்டைப் பக்கம் விசாரித்து அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று கடைசி நிமிடத்துக்கு விடாமல், காலிக் கேன்களை வீட்டிலேயே நிரப்பி, ஓர் இரவு தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக் கசிவு பார்த்துவிட வேண்டும்.

அடுப்பு: ஒற்றை பர்னர், 225 கிராம் பியூட்டேன் குப்பி போடும் தட்டை அடுப்பு. காற்று மறைவில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 15 கிராம் வாயு ஆகும். நான்கு வேளை டீ, நான்கு முறை குக்கர் என்றால் ஒரு குப்பி விளிம்பில் வந்து நிற்கும். ஏரிக்காற்றில் அது இரட்டிப்பாகும் என்பதால் மூன்று குப்பி.

இந்தக் குப்பிதான் பயண வழியையே முடிவு செய்தது. காட்பாடியில் ஏறி, சென்னையில் மாறி, சூளூர்ப்பேட்டை போகும் புறநகர் ரயிலில் தடாவில் இறங்குவதுதான் மலிவான வழி. ஆனால் வாயுக் குப்பி, அடுப்பு, மண்ணெண்ணெய் எதையும் ரயில் பெட்டியில் கொண்டுபோக இந்திய ரயில்வே அனுமதிப்பதில்லை. 'சின்னக் குப்பிதானே' என்ற சமாதானம் சட்டத்தில் செல்லாது, நியாயத்திலும் செல்லாது. நெரிசலான பெட்டியில் அது கசிந்தால் யார் பொறுப்பு? சமைக்கப் போவதில்லை, அவல், பொரி, ரொட்டியோடு சமாளிப்போம் என்பவர்கள் ரயிலில் போகலாம். சமைக்கப் போகிறவர்கள் வேன் பிடிக்க வேண்டும்.

சாப்பாட்டில் முதல் மதியத்துக்குப் புளியோதரை. வழியில் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம் கட்டலாம் என்று ஒரு குரல் எல்லாப் பயணத்திலும் எழும். வேன் சூட்டில் இறைச்சிச் சோறு மதியத்தைத் தாண்டாது. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை இரவு வரை கெடாது. காய்கறியில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் ஒரு கிலோ, சின்ன வெங்காயம், உருளை. தக்காளி நசுங்கும், அதற்குப் பதில் புளி. மீன் குழம்புக்கு மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் அளந்து ஒரே பொட்டலமாக. தீவில் ஐந்து டப்பா திறந்தால் ஐந்திலும் மணல் போகும்.

முதல் நாள், வியாழன்: வேலூர் முதல் இருக்கம் வரை

காலை 4 மணிக்குப் புறப்பாடு. வாலாஜா, காஞ்சிபுரம் புறவழி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறி, வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்தால் சென்னை நெரிசல் மிச்சம். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், பிறகு மாநில எல்லை, தடா. ஏறக்குறைய 190 கி.மீ. வழியில் டீக்கு ஒரே நிறுத்தம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காரணம் ஏரியின் காற்று.

ஜனவரி, பிப்ரவரியில் காலை நேரத்தில் ஏரி பெரும்பாலும் தட்டுப்போல் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று எழும். ஏரி ஆழமில்லாதது, சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். ஆழமில்லாத நீரில் காற்று குறுகிய, செங்குத்தான அலையைக் கிளப்பும். படகின் பக்கவாட்டில் அடித்து மூட்டையெல்லாம் நனைக்கும். ஆகவே பதினோரு மணிக்குள் கரையேறிவிட வேண்டும். திரும்பும் நாளுக்கும் அதே விதி. படகுக்காரரிடம் பேசும்போதே அவர் சொல்லிவிட்டார்: "மூணாம் நாள் மத்தியானத்துக்கு வெச்சிக்காதீங்க சார், காத்து வந்துரும். காத்தால எட்டு மணிக்கே ரெடியா இருங்க."

துறை இருப்பது பீமுனிவாரிப்பாளையத்தில், உள்ளூரில் பி.வி. பாளையம். தடாவிலிருந்து கிழக்கே ஏரியை நோக்கிப் போகும் சாலை. பெயர்ப்பலகை தெலுங்கில், பேச்சு இரண்டும் கலந்து.

அனுமதி பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். ஆந்திரப் பகுதி ஏரி பறவைகள் சரணாலயம். கரை, சேற்றுத்திட்டு, பறவைகள் மேயும் இடம் எங்கும் கூடாரம் போடக் கூடாது. சூளூர்ப்பேட்டையில் வனவிலங்குப் பிரிவு அலுவலகம் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை. தீவில் பட்டா நிலத்தில், உரிமையாளரும் ஊர்ப் பெரியவர்களும் சம்மதித்த இடத்தில் மட்டும் தங்கல். ட்ரோன் எடுத்துப் போக வேண்டாம். கிழக்கே கண்ணுக்கு எட்டும் தொலைவில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். ஏவுதல் நாளில் அந்தப் பகுதியில் படகுகளுக்குக் கட்டுப்பாடு வரும். தேதியைக் குறிக்கும் முன் ஏவுதல் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

படகு ஏற்றும் முறை. எடை கூடியது நடுவில், அடியில்: தண்ணீர்க் கேன் ஆறும் நடுக்கோட்டின் இருபுறமும் மும்மூன்றாக. கூடாரம், துணி மூட்டை அதன்மேல். அடுப்பும் குப்பிகளும் எஞ்சினிலிருந்து தள்ளி, முன்பக்கம், நிழலில். படுக்கையும் மாற்றுத்துணியும் தடித்த குப்பைப் பை இரண்டு அடுக்கில் போட்டு வாயை முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். உயிர்காப்பு உடை படகில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் ஆள் ஏற வேண்டும். இடுப்பளவு ஏரிதானே என்று சிரிப்பவர்களுக்கு: 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இடுப்பளவு நீரும் சேறும் சேர்ந்தால் காலை ஊன்றி நிற்க முடியாது. உடையைப் போட்டு, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். தோளில் தொங்கவிடுவது போடாததற்குச் சமம்.

போகும் வழியெங்கும் ஊன்றுகழிகளில் கட்டிய வலைகள். நேர்கோட்டில் போகாமல் படகு வளைந்து வளைந்து போவது அதனால்தான். "நேராப் போலாமே அண்ணே" என்று சொல்லாமல் இருப்பது மரியாதை. தென்பகுதியில், பழவேற்காட்டுப் பக்கம், மீன்பிடி இடங்களை ஊரார் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் பழையது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரு வலையைக் கிழித்தாலும் அது ஒரு குடும்பத்தின் முறை நாள்.

கரைக்குக் கொஞ்சம் முன்பே படகு தரைதட்டும். முகத்துவாரம் தெற்கே வெகுதொலைவில் இருப்பதால் கடலின் ஏற்ற இறக்கம் இங்கே பலமாகத் தெரியாது. நீரைக் கரைக்கும் உள்ளுக்கும் தள்ளுவது காற்றுதான். ஒரே இடத்தில் காலையில் கணுக்கால், மாலையில் முழங்கால். இறங்கும்போது செருப்பு சேற்றில் உருவிக்கொள்ளும், வெறுங்காலைச் சிப்பி கிழிக்கும். பின்பட்டை உள்ள பழைய கேன்வாஸ் ஷூவே சரி. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். சேற்றில் படுத்திருக்கும் திருக்கை தேய்ப்பு உணர்ந்தால் விலகிப் போகும், மிதித்தால் வால் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் காலை வைத்திருந்தால் வலி குறையும், அதன்பின் மருத்துவரிடம்.

இடம் தேர்வு. கரையில் காய்ந்த பாசியும் குப்பையும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். நீர் கடைசியாக அதுவரை ஏறியது என்று பொருள். அதிலிருந்து முப்பதடியாவது தள்ளி, முழங்கால் உயரமாவது மேடாக இருக்க வேண்டும். பனை மரத்தின் கீழே நிழல் நன்றாக இருக்கும். காய்ந்த மட்டை விழும் என்பதால் மரத்தின் நேர் கீழே வேண்டாம், நிழல் விழும் பக்கம் தள்ளிப் போடலாம். சீமைக் கருவேல முள் ஒன்று போதும், காற்றுமெத்தையின் கதை முடிய. விரிக்கும் இடத்தைக் கையால் தடவி, பிறகு ஒரு சாக்கை இழுத்து அரித்துப் பார்த்துவிட்டுத்தான் தார்ப்பாய். தார்ப்பாயின் ஓரம் கூடாரத் தரைக்கு உள்ளேயே மடிந்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வடியும் பனிநீரைப் பிடித்துப் படுக்கைக்கு அடியில் சேர்க்கும்.

காற்று இந்தப் பருவத்தில் வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும். கூடாரத்தின் குறுகிய பக்கம் அதை நோக்க, வாசல் தெற்கே. 12 மணிக்கு ஆரம்பித்து 1 மணிக்குள் எட்டுச் சாக்கும் புதைந்துவிட்டது. ஒத்திகை பார்த்ததன் லாபம் அரை மணி நேரம்.

மாலை 6.10-க்குச் சூரியன் போனதும் கொசு இறங்கும். கொசுவைவிடத் தொல்லை, வலைக்கண்ணில் நுழையும் கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சி. காற்று இருக்கும்வரை அது வராது. கடற்காற்று நின்று தரைக்காற்று எழும் இடைவெளியில், ஏழு முதல் ஒன்பது வரை, மொய்க்கும். அந்த நேரத்தில் முழுக்கை, முழுக்கால், காலுறை. சமையல் ஆறு மணிக்கே முடிந்திருக்க வேண்டும். இரவு உணவு மீதிப் புளியோதரையும் வதக்கிய கத்தரிக்காயும்.

படுக்கும் முன் ஒரே விதி: ஜிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும், ஒருவர் வெளியே போய் வரும் அரை நிமிடத்திலும். கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது என்பதால் தெரியாமலே போய்விடும். மருந்து ஏரிக்கு அக்கரையில். படகுக்காரரின் எண்ணோடு, தீவில் இரவில் படகு எடுக்கக்கூடிய இன்னொருவரின் எண்ணும் காகிதத்தில் எழுதி இருக்க வேண்டும். செல்பேசி சார்ஜ் தீர்ந்தால் அதிலுள்ள எண்ணும் போய்விடும்.

இரண்டாம் நாள், வெள்ளி: தீவில்

காலை ஆறு மணிக்குக் கூடாரத்தின் உள்சுவர் நனைந்திருந்தது. ஓட்டை என்று நினைத்துப் பலர் புதுக் கூடாரம் வாங்குகிறார்கள். ஓட்டை இல்லை. நான்கு பேர் இரவு முழுக்க விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்தது, அவ்வளவுதான். குளிருக்குப் பயந்து மேல்துளைகளை மூடுவதுதான் காரணம். இரண்டு துளைகளையும் திறந்து வைத்து, மேல்துணி உள்துணியைத் தொடாமல் இழுகயிறுகளை இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை மீண்டும் இறுக்கினால் பாதி ஈரம் போய்விடும். 'நான்கு பேர் கூடாரம்' என்று பெட்டியில் போட்டிருந்தால் மூன்று பேருக்கு என்று படிக்க வேண்டும்.

காலைச் சமையல் வெண்பொங்கல். பச்சரிசி இரண்டு தம்ளர், பாசிப்பருப்பு முக்கால், தண்ணீர் பதினொன்று. மிளகு, சீரகம், இஞ்சி, நெய் சேர்த்து ஐந்து லிட்டருக்குக் குறையாத குக்கரில் ஐந்து விசில். வடிக்கும் சோறு இங்கே ஆடம்பரம், கஞ்சியாகப் போகும் தண்ணீர் ஓர் ஆளின் மதியக் குடிநீர். அடுப்பை மணலில் நேராக வைத்தால் ஒரு கால் இறங்கிக் குக்கர் சாயும். ஒன்றரை அடிச் சதுர ஒட்டுப்பலகை ஒன்று அடியில் போட வேண்டும். காற்றுமறைப்பு மூன்று பக்கம் மட்டும், குப்பி இருக்கும் பக்கம் திறப்பாக. சுற்றிலும் தகரம் வைத்து மறைத்தால் சூடு குப்பிக்குத் திரும்பி, அழுத்தம் ஏறி வெடிக்க வழியாகும்.

பாத்திரம் கழுவ ஏரி நீரும் மணலும் தேங்காய் நாரும் போதும், கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் அலசல். கரையில் சோப்பு வேண்டாம்.

குடிநீர் பற்றிச் சிலர் கேட்பது: தீவில் கிணறு இருக்காதா? இப்படிப்பட்ட மணல் திட்டுகளில் மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கும். நல்ல தண்ணீர் உப்பு நீரைவிட இலேசு என்பதால்தான் இது நடக்கிறது. மேலோட்டமாகத் தோண்டி மெதுவாக எடுத்தால் இனிக்கும். ஆழத் தோண்டினாலோ மோட்டார் வைத்து இழுத்தாலோ அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஒருமுறை ஏறினால் சீக்கிரம் இறங்காது. அந்தத் தண்ணீர் அங்கே வாழ்கிறவர்களுக்கு. ஆழ்குழாய் மேல் ஆழ்குழாய் போட்டுப் பழகிய வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கழிப்பறை. ஊர் இருக்கும் தீவில் நல்ல வழி, இடம் கொடுத்த வீட்டாரிடம் கேட்டு, உரிய தொகை தந்து, அவர்கள் கழிப்பறையைப் பயன்படுத்துவதுதான். அவசரத்துக்கு வெளியே என்றால் நீர்க்கரையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் குழி, வேலை முடிந்ததும் மூடல். காகிதம், நாப்கின் எல்லாம் மூடியுள்ள டப்பாவில் வேலூருக்கே திரும்ப வேண்டும்.

எட்டு மணி முதல் பத்து வரை பறவைகளுக்கு. தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிவது பூநாரைக் கூட்டம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றுநீரை வடிகட்டிச் சிறு உயிர்களையும் பாசியையும் தின்னும். அலகை அப்படி வைத்து மேய ஆழமில்லாத நீர் வேண்டும். இந்த ஏரிக்கு அவை திரளுவதும் அந்த ஆழமின்மையால்தான். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கலந்து நிற்கும். கூழைக்கடா கூடு கட்டுவது சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டில். படகை அருகே விடச் சொல்லிக் கூட்டத்தை எழுப்பிப் படம் எடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. எழும்பிப் பறக்கும் ஒவ்வொரு முறையும் மேய்ந்தது செலவாகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் இருகண்ணோக்கி ஒன்று இருந்தால் கரையிலிருந்தே இறகின் சிவப்பு தெரியும்.

மதியம் மீன். காலையில் வலை திரும்பும் நேரத்தில் கேட்டால் மடவை, கிழங்கான், இறால் கிடைக்கும். நான்கு பேருக்கு ஒரு கிலோ மடவை தாராளம். செதிலையும் குடலையும் கூடாரத்தருகே போட்டால் இரவில் நாயும் நண்டும் வரும். வீட்டாரிடம் கேட்டு அவர்கள் போடும் இடத்திலேயே போட வேண்டும். ஏரி மடவைக்குச் சேற்று வாடை கொஞ்சம் இருக்கும், கல்லுப்பும் புளித்தண்ணீரும் போட்டு இரண்டு முறை பிசறி அலசினால் போய்விடும். அலச முதலில் ஏரி நீர், கடைசியில் மட்டும் கேன் தண்ணீர். குழம்புக்கு உப்பு பாதி போட்டு ருசி பார்த்தபின் மீதி.

பன்னிரண்டு முதல் மூன்றரை வரை எதுவும் செய்யாமல் இருப்பதுதான் திறமை. பிப்ரவரி வெயில்தானே என்ற நினைப்பு தவறு. மணலும் நீரும் ஒளியைத் திருப்பி அடிக்கும், காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் உடல் வற்றுவது தெரியாது. சிறுநீர் மஞ்சள் கூடினால் தண்ணீர் போதவில்லை. தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டுமே தலைதட்டி. கூடாரத்துக்குள் படுக்கக் கூடாது, மதியத்தில் அது இட்லிப் பானை. தனியாக ஒரு தார்ப்பாயை மேற்குச் சரிவாகக் கட்டி அதன் கீழே.

இரண்டு மணிக்கு எதிர்பார்த்தபடி காற்று எழுந்தது. ஏரி முழுக்க வெள்ளை முனை. சாக்குகளில் ஒன்று மட்டும் மேலே தெரிந்தது: கிழக்கு மூலை. குழி ஆழம் குறைவு, சாய்வு வாய்க்கால் கீறாமல் விட்டதும் அந்தக் குழிக்குத்தான். மணலைத் தோண்டி, ஒரு குடம் ஏரி நீர் ஊற்றி மிதித்தபின் நின்றது. ஈர மணல் உலரும்வரை காய்ந்ததைவிட நன்றாகப் பிடிக்கும். காற்று பலத்தால் எல்லாக் குழிக்கும் நீர் ஊற்றலாம்.

தீ மூட்டவில்லை. காய்ந்த பனையோலை இருக்கும் இடத்தில் பொறி பறந்தால் அடங்காது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவின் வெளிச்சம் ஒரு பக்கம் இருந்தாலும், தலைக்கு மேல் ஜவ்வாது மலையில் பார்ப்பது போன்ற வானம்.

மூன்றாம் நாள், சனி: திரும்பல்

ஐந்தரைக்கு எழுந்தால்தான் எட்டு மணிப் படகு. பிரிக்கும் வரிசை முக்கியம். முதலில் உள்ளிருப்பவை எல்லாம் வெளியே. பிறகு மேல்துணியைக் கழற்றி, பனி உலர மரத்தடிக் கயிற்றில். உள்கூடாரத்தைக் கம்பியோடே இருவர் தூக்கி, வாசல் கீழே வர உதறினால் மணல் கொட்டிவிடும். கம்பிகளை நடுவிலிருந்து மடக்க வேண்டும். முனையிலிருந்து மடக்கினால் உள்ளே ஓடும் மீள்கயிறு ஒருபக்கமாக இழுபட்டுச் சீக்கிரம் அறும். ஒவ்வொரு பொருத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பிரிப்பது நல்லது, ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் குழாய் பிடித்துக்கொள்ளும்.

சாக்குகளைத் தோண்டி மணலை அதே குழியில் கொட்டி மூடல். ஒரு சாக்கு குறைந்தால் தேடித்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு மணலில் மக்காது, வெயிலில் இழை இழையாகப் பிரிந்து ஏரிக்குப் போகும். எட்டும் கிடைத்தன. காலிக் கேன்களில் குப்பை: இரண்டில் உலர்ந்தது, ஒன்றில் ஈரமானது. தண்ணீர் மிச்சம் 9 லிட்டர். கூடுதலாக எடுத்த 12-இல் மூன்று தீர்ந்திருக்கிறது, மீன் அலசியதில். வாயு இரண்டு குப்பி முழுதாகத் தீர்ந்து மூன்றாவதில் கைவைத்தாயிற்று.

எட்டே காலுக்குப் படகு, ஒன்பதரைக்கு பி.வி. பாளையம், மூன்று மணிக்கு வேலூர்.

ஞாயிறு: வேலூர், மொட்டை மாடி

உப்பு கண்ணுக்குத் தெரியாது, வேலையை மட்டும் செய்யும். கூடாரத்தை அப்படியே பையில் வைத்தால் இரண்டு மாதத்தில் ஜிப்பின் இழுப்பான் பச்சை பூத்து நகராது. பெரிய டப்பில் சாதாத் தண்ணீரில் இருமுறை முக்கி எடுக்க வேண்டும், சோப்புத்தூள் கூடாது, துணியின் நீர்காப்புப் பூச்சு உரியும். ஜிப்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உலர்ந்தபின் மெழுகுவர்த்தியை இருபுறமும் தடவல். கம்பி, குக்கர் வெயிட், அடுப்பின் பர்னர் எல்லாம் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைக்க வேண்டும். வேலூர் வெயிலில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று நேராக விரிக்கக் கூடாது, வெயில் துணியைத் தின்னும். மாடிப்படி நிழலில், ஒரு முழு நாள்.

டப்பின் அடியில் ஒரு பிடி மணல் தங்கியது. பாலாற்று மணலைவிட நைசாக, கிளிஞ்சல் தூள் கலந்து, சாம்பல் நிறத்தில்.